பதினான்கு விதிகளும் ஒரு பிரெஞ்சு வகுப்பும்

ஆசிரியர் வேலையில் பாடம் நடத்துவது ரொம்பச் சின்னப் பங்கு. நாற்பது பிள்ளைகளை உள்ளே வரவைத்து, உட்காரவைத்து, பேச்சை நிறுத்தவைப்பதற்குள் பாதி பீரியட் போய்விடும். தினமும் சாக்பீஸ் தூளோடு வீடு திரும்பும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தொண்ணூறுகள் அது. மயிலாடுதுறையிலிருந்து காரைக்கால் போகிற சாலையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்குப் பிரெஞ்சு ஆசிரியையாகச் சேர்ந்தேன். பிள்ளைகளில் சிலருக்குப் பாரீசில் சொந்தக்காரர்கள். மற்றவர்களுக்குத் தமிழைவிடப் பிரெஞ்சில் மார்க் அள்ளலாம் என்ற ஆசை. நானோ கும்பகோணத்தில் வீட்டில் உட்கார்ந்து தபாலில் பிரெஞ்சு படித்தவள். ஒரு பிரெஞ்சுக்காரரையும் நேரில் பார்த்ததில்லை. இரண்டு வருடம் அலைந்து கிடைத்த முதல் வேலை. அதற்கும் முதல் நாளே கெடு வைத்துவிட்டார் தாளாளர். "அரையாண்டு வரைக்கும் பாக்குறேம்மா. வகுப்பு கட்டுக்குள்ள இருந்தா பிரெஞ்சு இருக்கும். இல்லேன்னா பிள்ளைங்களைத் தமிழ் ஐயாகிட்டயே திருப்பி அனுப்பிடுவேன்."

சார்ட்டில் ஏறிய சட்டம்

அன்று ராத்திரியே உட்கார்ந்து பதினான்கு விதிகள் எழுதினேன். வகுப்பில் தமிழ் கூடாது. வெளியே போவதானால் பிரெஞ்சில் அனுமதி கேட்க வேண்டும். தாமதமாக வந்தால் வாசலில் நின்று, காரணத்தைப் பிரெஞ்சில் சொல்லி, 'உள்ளே வா' என்று பதில் வந்த பிறகே காலெடுத்து வைக்க வேண்டும். இப்படியே பதினான்கு. எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் பிரெஞ்சிலேயே சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

மறுநாள் முழு பீரியடும் ஒரு சத்தம் இல்லை. சார்ட்டைக் காட்டினேன், எல்லோரும் பார்த்தார்கள். பெயரைக் கேட்டேன், அதற்கும் பார்த்தார்கள். ஜன்னல் பக்கம் போன தாளாளர் நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டே போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மணி அடித்ததும் முதல் பெஞ்சிலிருந்து ஹாஜிரா என்ற பெண் பக்கத்தில் வந்தாள். அவள் 'அத்தா' என்று கூப்பிடும் அப்பா பாரீசில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறவர். யாருக்கும் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை தமிழ்ல சொல்லிட்டீங்கன்னா, நாளைலேர்ந்து அதும்படியே நடந்துக்குவோம்."

செருப்புக் கணக்கு

எங்களுக்கென்று தனி அறை கிடையாது. புதிதாக வந்திருந்த கம்ப்யூட்டர் அறையின் பின்பாதியைத்தான் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அறை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பூப்போட்ட துணி போர்த்திய நாலு பெட்டிகள், ஊதுவத்தி வாசனை, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை. ஆகவே நாற்பது பேரும் வாசலிலேயே குனிந்தார்கள். உள்ளே வர ஐந்து நிமிஷம் என்றால், வெளியே போகும்போது ஜோடி மாறிப்போய் பத்து நிமிஷம். எனக்கு அழுகையே வந்தது.

நான் கத்திப் பார்த்தேன், சார்ட்டில் பதினைந்தாவது விதி சேர்க்கலாமா என்றுகூட யோசித்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த ஹாஜிரா வாசல் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். பெஞ்சு வாரியாக வர வேண்டும், செருப்பை வெளியே பார்த்து வரிசையாக விட வேண்டும், நிமிரும்போது 'போன்ஜூர்' என்று வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வர வேண்டும். இரண்டே நிமிஷத்தில் வகுப்பு நிரம்பியது. நான் எழுதிய பதினான்கில் இல்லாத அந்த ஒரு பழக்கம்தான் என் வகுப்பை வகுப்பாக்கியது. அந்தப் பெண்ணை இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். ஒருநாள் கம்ப்யூட்டர் சார் வாசலில் நின்று அந்த வரிசையைப் பார்த்தார். பிறகு தன் மாணவர்கள் கழற்றிப்போட்ட குவியலைப் பார்த்தார். "மிஸ், உங்க ஹாஜிராவை எனக்கு ஒரு பீரியட் கடன் குடுங்க."

வெளியே போகலாமா?

முருகானந்தம் ஜன்னலோர பெஞ்சுக்காரன். இரண்டு மாதத்தில் அவன் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வாக்கியம்: 'நான் வெளியே போகலாமா?' அதைத் தெளிவாகக் கேட்பான், நானும் மகிழ்ந்துபோய் அனுப்புவேன். பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்கத் திரும்புவான். பையனுக்கு வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஒருநாள் ஓமவாட்டர் வாங்கி வந்து கொடுத்தேன். மறுக்காமல் குடித்தான்.

விஷயம் வேறு. பள்ளி மதிலுக்குப் பின்னால்தான் அவன் அப்பா குத்தகைக்கு எடுத்த வயல். அந்த வருடம் மேட்டூர் அணை திறக்கவே தாமதம், நாற்றங்கால் முழுக்க போர்வெல் தண்ணீரை நம்பி இருந்தது. மோட்டாருக்கு வேண்டிய திரீ-பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் மோட்டார் கொட்டகையில் ஒரு குண்டு பல்பு எரியும். அது தெரிகிற ஜன்னலாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறான். கண்டுபிடித்து நான் குதித்தேன். அவன் கொஞ்சமும் பதறாமல் நின்றான். "மோட்டார் போடத்தான் போனேன் மிஸ். ஆனா ஒரு நாளாவது தமிழ்ல கேட்டனா?"

அன்புள்ள என்று தொடங்கிய கடிதம்

முருகானந்தத்துக்காக அந்த விதியைத் திருத்தினேன். வெளியே போகிறவர் எங்கே, எதற்கு என்றும் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். புத்தகத்தில் பாலாடைக்கட்டி வாங்குவது எப்படி என்று இருந்ததே தவிர, நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டுவது எப்படி என்று இல்லை. இருவரும் அகராதியைப் புரட்டி வயல், மோட்டார், வாய்க்கால் எல்லாம் கற்றுக்கொண்டோம். அவனை வைத்து மற்றவர்களுக்கும் சொந்தமாகப் பேச ஒரு ஆசை வந்தது. உடனே வெள்ளிக்கிழமை தோறும் ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும் என்று புதிய வழக்கம் கொண்டுவந்தேன்.

மற்றவர்கள் எழுதி என்னிடம் கொடுத்தார்கள். ஹாஜிரா நிஜமாகவே தபாலில் சேர்த்துவிட்டாள், பாரீசில் இருக்கும் அத்தாவுக்கு. அவர் அங்கேயே பதினோரு வருடமாக இருப்பவர். என் தபால் பிரெஞ்சின் லட்சணம் வெளியே தெரிந்து, அவர் தாளாளருக்கு ஒரு வரி எழுதினால் போதும், அரையாண்டு வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மூன்று வாரம் கழித்துப் பதில் தமிழில் வந்தது. ஹாஜிரா அதை வகுப்பில் எழுந்து நின்று வாசித்தாள். அவருக்குப் பிரெஞ்சு பேச வருமாம், படிக்க வராதாம். கூட வேலை செய்கிறவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். கடைசி வரி எனக்காக எழுதியது. அதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டேன், மறைக்கவும் இல்லை. "உங்க மிஸ்ஸுக்கு என் சலாம் சொல்லும்மா. இந்தப் பாஷையில எனக்கு வந்ததெல்லாம் ஆபீஸ் நோட்டீஸ்தான், அன்புள்ளன்னு ஆரம்பிச்சு வந்தது இது ஒண்ணுதான்."

மிஸ் இல்லாத பீரியட்

அரையாண்டுக்கு முந்தின வாரம். முதல் பீரியடில் வந்து உட்கார்ந்து பார்க்கப்போவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். அன்றைக்கென்று விடாத மழை. குத்தாலத்தைத் தாண்டிச் சாலையில் தண்ணீர் ஏறிக்கொள்ள, கும்பகோணத்திலிருந்து நான் வரும் பஸ் நின்றுவிட்டது. ஒரு பால் வண்டிக்காரரைக் கெஞ்சி ஏறி, தொப்பலாக நனைந்து பள்ளியில் இறங்கியபோது அரைமணிக்கு மேல் தாமதம். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன்.

கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்புகள் வரிசையாக வெளியே பார்த்து நின்றன. முதல் ஜோடி தாளாளருடையது. உள்ளே ஹாஜிரா வருகைப்பதிவு எடுத்து முடித்திருந்தாள், முருகானந்தம் கரும்பலகையில் தேதியும் மழைச் செய்தியும் எழுதிவிட்டு ஒவ்வொருவராகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். கடைசி பெஞ்சில் தாளாளர். நான் அவசரமாக நுழையப் போனேன். ஹாஜிரா கையை நீட்டித் தடுத்துச் சார்ட்டைக் காட்டினாள். வேறு வழியில்லாமல், ஈரச் செருப்பைக் கையில் பிடித்தபடி, மழை, சாலை, தண்ணீர் என்று பிரெஞ்சில் காரணம் சொன்னேன். நாற்பது பேரும் ஒரே குரலில் 'உள்ளே வரலாம்' என்றார்கள்.

பீரியட் முடிந்ததும் தாளாளர் எழுந்தார். "நல்லாத்தான் நடக்குது. ஆனா நீங்க இல்லாமலே நடக்குதேம்மா, அப்புறம் நீங்க எதுக்கு?" சிரிப்புக்காகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. முருகானந்தம்தான் எழுந்தான். "மோட்டார் தானா ஓடும் சார். தண்ணி வேண்டிய பக்கம் போக மடை மாத்த ஆள் வேணும்ல?" தாளாளர் வீட்டிலும் சாகுபடி உண்டு. வாசலில் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்: "சரி மிஸ், அடுத்த வருஷமும் மடையைப் பாத்துக்குங்க."

பதினான்கு விதிகளில் ஒன்றையாவது எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர் யார் என்று இன்று யாராவது கேட்டால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற நான் ஒருத்திதான் என்று நன்றியோடு சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.