விரிசல் விட்ட நீலக் குடுவை

மூன்று வருடத்துக்கு முன்பு, நல்ல மழைக்காலத்தில், செம்பூரில் எங்கள் ஃபிளாட்டில் நடந்தது இது. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மனுஷர் சும்மா இருக்கிற ஆளே இல்லை. தூக்கத்தில்கூட யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பார். அவர் வாயடைத்துக் கிடந்ததை என்னால் பார்க்கவே முடியவில்லை.

பிடித்த சாமான் எதையாவது கையில் கொடுத்து, பிடித்த பேச்சைப் பேசிக்கொண்டே இருந்தால் வார்த்தை திரும்பலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எனக்கு உடனே ஷோகேஸில் இருந்த நீலக் குடுவைதான் ஞாபகம் வந்தது.

கப்பலில் என்ஜின் ரூமில் வேலை பார்த்த காலத்தில், இத்தாலியில் வெனிஸ் நகரத்துப் பழைய சாமான் கடையில் அவர் வாங்கியது. பக்கத்தில் முரானோ என்ற தீவில் வாயால் ஊதிச் செய்த கண்ணாடி. வீட்டுக்கு யார் வந்தாலும் காபி ஆறிப்போகும்வரை அதன் கதைதான். உலைகளால் ஊரே தீப்பிடித்துவிடும் என்று பயந்து, அந்தக் காலத்தில் கண்ணாடிக்காரர்கள் எல்லோரையும் அந்தத் தீவுக்கு அனுப்பினார்களாம். தொழில் ரகசியம் போய்விடக்கூடாதென்று அவர்கள் வெளியூர் போகவும் தடையாம். "ராஜ மரியாதை, ஆனா வெளிய போக முடியாது. கப்பல்ல எங்க பொழப்பும் அதேதான்" என்று சிரிப்பார்.

அந்தக் குடுவை முழுக்க விரிசல் ஓடியிருக்கும். பழுக்கக் காய்ந்த கண்ணாடியைத் தண்ணீரில் முக்கி, மேல்பக்கம் வெடிக்கவிட்டு, மறுபடி உலையில் காட்டி ஊதுவார்களாம். பார்த்தால் உடைந்த மாதிரி இருக்கும், ஒரு சொட்டு ஒழுகாது.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று ஷோகேஸ் பளபளவென்று இருந்தது. குடுவையைக் காணோம்.

தாராவியிலிருந்து வந்து எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்ட அவருடைய அக்காவிடம் கேட்டேன். எனக்கு மைனி. "ஏளா, கீறல் விட்ட கண்ணாடிய வீட்டுக்குள்ள வச்சிருந்தா ஆம்பளைக்கு நோவு வராம என்ன செய்யும்? நாந்தான் குப்பை அள்ளுத கச்சராக்காரன்ட்ட குடுத்துட்டேன். இனி தம்பி எந்திச்சிருவான்" என்றார். தம்பிக்காக விரதமிருந்து முகமெல்லாம் வாடியிருந்தது.

எங்கள் கட்டடத்தில் குப்பை எடுப்பவரைப் பிடித்து விசாரித்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் தாராவியில் அவர் சொன்ன இடத்துக்கு ஓடினேன். உடைந்த கண்ணாடியைத் தரம் பிரிக்கிற ஷெட் அது. நடத்துகிறவர் நம்ம திருநெல்வேலிப் பக்கம். பாவம், மிச்சமிருந்த சாக்கையெல்லாம் அவிழ்த்துக் காட்டினார். "கலர் கண்ணாடி பூராவும் காலைலயே டெம்போ ஏறிட்டு அக்கா. இந்நேரம் உருக்கியிருப்பாவ" என்றார். ரயிலில் வெட்கமே இல்லாமல் அழுதுகொண்டு வந்தேன்.

வீட்டில் அவர் இடது கையை ஷோகேஸ் பக்கம் நீட்டி என்னையே பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குடுவையின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். வேண்டுமென்றே தப்பும் தவறுமாகச் சொன்னேன். "பாரிஸ்லதானே வாங்கினீங்க? மெஷின்ல செஞ்சதுதானே?" என்று கேட்டேன். அந்த விஷயத்தில் ஒரு தப்பைக்கூடப் பொறுக்கமாட்டார், திட்டவாவது வாய் திறப்பார் என்று ஒரு நப்பாசை. உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணீர்தான் வந்தது.

பொங்கலுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

வருஷத் திவசத்தன்று மைனி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கீறல் விட்ட குடுவைய அன்னைக்கே வெளியேத்துனதாலதான், தம்பி அத்தனை மாசமாவது நம்ம கூட இருந்தான்" என்றார். "ஆமா மைனி" என்றேன். தம்பிக்காகத் தன்னால் செய்ய முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றைத்தான். அதையும் நான் பிடுங்கிக்கொண்டால் அந்த மனுஷிக்கு என்ன மிச்சமிருக்கும் என்று இன்றுவரை வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன்.