யோருனின் நான்கு குண்டூசிகள்

நோட்டீஸை என் கடைப் பலகையில் வைத்து, ஓரடி பின்னால் நகர்ந்து பார்த்து, இடது மூலையை ஒரு நூலிழை உயர்த்திவிட்டுத்தான் யோருன் முதல் ஊசியைக் குத்துவார். அவர் கோட்டுப் பையில் பழைய இருமல் மிட்டாய் டப்பா ஒன்று உண்டு. அதற்குள் எப்போதும் நான்கு குண்டூசிகள் இருக்கும். கடையின் ஊசிகளைத் தொட மாட்டார். அடுத்தவர் நோட்டீஸின் ஓரத்தையும் மறைக்க மாட்டார். படகு விற்பனை, காணாமல் போன பூனை, சர்ச் பாட்டுக்குழு இவற்றுக்கு நடுவே கிடைக்கிற சந்தில்தான் நேட்டோவுக்கு இடம். அந்தப் பலகை என் கல்லாவுக்கு நேர் எதிரே இருப்பதால், பதினெட்டு வருடமாக இதை நான் தவறாமல் பார்த்துவருகிறேன்.

யோருன் தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற பெண்மணி, வயது அறுபத்தேழு. அட்லாண்டிக் தோழமைக் கழகத்தின் எங்கள் ஊர்க் கிளைக்கு முப்பத்தொரு வருடமாக அவர்தான் செயலாளர். நேட்டோவில் நம் நாடு இருக்கத்தான் வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கும் பத்திரிகைகளுக்கும் பள்ளிகளுக்கும் சொல்லிக்கொண்டே இருப்பது அந்தக் கழகத்தின் வேலை. தலைநகர் ஓஸ்லோவில் அதன் விருந்துக்கு அமைச்சர்கள் வருவார்களாம். இங்கே மீன்பிடிக்கிறவர்கள் வருவார்கள், அதுவும் பாதிப்பேர் யோருன் சுடும் வாஃபிள் அப்பத்துக்காக. அதன்மேல் பழுப்புப் பாலாடைக்கட்டியை அவர் சீவி வைக்கிற தாராளத்தில் எந்தக் கட்சிக்காரருக்கும் குறை கிடையாது. பள்ளிக்குப் போனால் வடதுருவம் தேய்ந்துபோன ஒரு பிளாஸ்டிக் உலக உருண்டையைக் கொண்டுபோவார். "இதான் நம்ம ஊரு. விரலை இப்படிக் கொஞ்சம் நகர்த்து. இப்ப யாரு வீட்டுல இருக்க?" "ரஷ்யா" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அவ்வளவுதான் பாடம்.

கூட்ட அறிவிப்பின் முதல் பிரதி எப்போதும் எய்லர்ட் வீட்டுக்குப் போகும். எய்லர்ட் யோருனோடு ஒரே பெஞ்சில் படித்தவர். நேட்டோவே வேண்டாம் என்கிற பதினொரு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவர். எதிராளியை எதற்கு வீடு தேடிப்போய்க் கூப்பிடுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "எல்லாரும் தலையாட்டுறதுக்கு நாற்காலி எதுக்குடா? ஆட்டுப்பட்டி போதும்" என்றார். ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசிக் கேள்வி எய்லர்டுடையது. கடைசி வாஃபிளும் அவருக்கென்று எடுத்துவைக்கப்படும். ஆனால் வருகைப் பதிவேட்டில் மட்டும் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. "உன் வாஃபிளுக்கு வாயத் திறப்பேன். உன் நோட்டுல பேனாவத் திறக்க மாட்டேன்."

இரண்டு பேரும் ஒரே நெருப்பிலிருந்து வந்தவர்கள். நாற்பத்து நான்கில் ஜெர்மன்காரன் பின்வாங்கும்போது ஊரைக் கொளுத்தினான். யோருனின் அம்மா ஒன்பது வயதில் பாறைக் குகையில் மூன்று வாரம் கிடந்தவர். "நம்ம பக்கம் யாருமில்லைன்னு தெரிஞ்சுதானே கொளுத்துனான்" என்பார் யோருன். எய்லர்டின் அப்பாவை அதே குகையிலிருந்து தூக்கி வந்தது ஒரு ரஷ்யச் சிப்பாய். "அந்தக் கைக்கு எதிரா என்னால கை தூக்க முடியாது" என்பார் எய்லர்ட். இரண்டையும் கேட்டுவிட்டு யார் பக்கம் பேசுவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இந்த வருடம் ஓஸ்லோவிலிருந்து கடிதம் வந்தது. ஏப்ரல் நான்கு, நேட்டோவின் பிறந்தநாள் அன்று, எல்லாக் கிளைகளும் கூட்டம் போட வேண்டும். செயலாளரைச் சேர்க்காமல் இருபது கையெழுத்து இல்லாத கிளை மூடப்படும். யோருன் கடையிலிருந்தே போன் போட்டார்.

"தம்பி, அன்னைக்கு இங்க மீன் இருக்கும், ஆள் இருக்காது. வசந்தகாலக் காட் மீன் வர்ற வாரம் அது."

"நாடு முழுக்க ஒரே நாள் மேடம். மாத்த முடியாது."

"மீன்கிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்று போனை வைத்தார். கிண்டலாகச் சொன்னாரே தவிர, இரண்டு பாக்கெட் காப்பித்தூளுக்குப் பதில் உப்பை எடுத்துப் போய்விட்டார்.

அன்று மாலை எய்லர்ட் வீட்டுக்குப் போய், "உன் ஆளுங்களக் கூட்டிட்டு வந்து திட்டு. காலி அறையில எனக்குப் பேச வராது" என்று கேட்டாராம்.

ஏப்ரல் நான்கு அன்று படகுகளெல்லாம் கடலில். கரையில் நின்ற கழகத்துக்காரர்களும் நானுமாகப் பத்துப்பேர் வந்தோம். எய்லர்டின் ஆட்கள் ஒன்பது பேர் வந்து, பெயருக்குப் பக்கத்தில் 'எதிர்ப்புடன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் பத்தொன்பது. எய்லர்ட் பதிவேட்டைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், கையுறையை மாட்டிக்கொண்டார்.

ஓஸ்லோவிலிருந்து பேச வந்த இளம்பெண் குனிந்து, "அவர் பேர நீங்களே எழுதிடுங்க, யாரு பாக்கப் போறா?" என்றாள்.

எய்லர்டே, "இருபதுன்னு போட்டுக்க யோருன். நான் மறுக்க மாட்டேன்" என்றார்.

"முப்பத்தொரு வருஷமா நீ போடாத கையெழுத்த நான் போட்டா, அப்புறம் நான் சொல்ற எதைடா நீ நம்புவ?" யோருன் பத்தொன்பது என்று எழுதி, கோடு போட்டு முடித்தார். பிறகு கடைசி வாஃபிளைத் தாளில் சுற்றி எய்லர்ட் கையில் கொடுத்தார். எனக்கு இரண்டு பேர்மேலும் கோபம் வந்தது.

ஜூனில் ஓஸ்லோவிலிருந்து பதில் வந்துவிட்டது. யோருன் வழக்கம்போல டப்பாவைத் திறந்து நோட்டீஸை நேராக்கிக் குத்தினார். 'எங்கள் கிளை இம்மாதத்தோடு மூடப்படுகிறது. வந்தவர்களுக்கும் வந்து திட்டியவர்களுக்கும் நன்றி.' நான்கு ஊசியும் தீர்ந்தன. டப்பாவை மூடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். நான் சில்லறையை எண்ணுவதுபோல் நடித்தேன்.

அப்போதுதான் பக்கத்தில் ஒற்றை ஊசியில் கோணலாகத் தொங்கிய தாளைப் பார்த்தார். காலையில் எய்லர்ட் வந்து குத்திவிட்டுப் போனது. 'செப்டம்பர் பன்னிரண்டு, மீனவர் சங்க அறை. நேட்டோ தேவையா? வேண்டாம் என்பவர்: எய்லர்ட். வேண்டும் என்பவர்: யோருன்.' அதன் கீழே வருகிறவர்கள் கையெழுத்துப் போட இருபது கோடுகள். முதல் கோட்டில் எய்லர்டின் கையெழுத்து.

"என்னைக் கேக்காமயே போட்டிருக்கான்" என்றார் யோருன். "வாஃபிள் யாரு சுடுறதாம்?"

"அது எழுதல."

தன் நோட்டீஸின் கீழ் மூலைகளிலிருந்து இரண்டு ஊசிகளைப் பிடுங்கினார். எய்லர்டின் தாளை நிமிர்த்தி, ஓரடி பின்னால் போய்ப் பார்த்து, இடது மூலையை ஒரு நூலிழை உயர்த்திக் குத்தினார்.