சகலை எழுதிய ஏபிஐ

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் ஆரணியில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கூடவே ஒரு வாள்சண்டை ஆன்லைன் கேமுக்குச் சொந்தமாக சர்வரும் நடத்தினேன். சர்வர், வெளியூரில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர். பயனர் கணக்குகள் இருந்த டேட்டாபேஸைத் தொடும் உரிமை எனக்கு மட்டும்தான். புதிதாக ஆட விரும்புகிறவர் என் மேஜைக்கு வந்து பெயர் சொல்ல வேண்டும். அதை ஏற்றிவிட்டு, பாஸ்வேர்டை அவரையே தட்டச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாஸ்வேர்டு மறந்தாலும் என்னிடம்தான். சேத்துப்பட்டிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் இதற்காகவே பஸ் ஏறி வந்து காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடித்திருந்தது.

என் மனைவியின் தங்கை கணவர் சென்னையில் மென்பொருள் வேலையில் இருந்தார். பொங்கலுக்கு வந்தவர் என் மேஜைமுன் நின்ற கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“என்னண்ணே, ரேஷன் கடை மாதிரி நிக்க வச்சிருக்கீங்க? ஒரு வெப் ஏபிஐ போட்டா அவங்கவங்களே வீட்லேர்ந்து கணக்கு ஆரம்பிச்சிக்குவாங்க.”

டேட்டாபேஸுக்கு முன்னால் காவலாக நிற்கும் ஒரு புரோகிராம் அது என்று விளக்கினார். பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்கி, சரிபார்த்து, உள்ளே விடும். ஒரே இணைய முகவரியிலிருந்து சடசடவென்று பல முயற்சிகள் வந்தால் திருடன் என்று கதவைச் சாத்திவிடும். எனக்கு நன்றாகவே புரிந்தது. இனி என் மேஜைக்கு வேலையில்லை என்பதும் புரிந்தது.

மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காபி டம்ளரை மானிட்டர் மேல் வைத்தார். கோப்புகளுக்கு ‘புதுசு’, ‘புதுசு2’ என்று வாய்க்கு வந்த பெயர் வைத்தார். நானாக இருந்தால் தனித்தனி ஃபோல்டர் போட்டு, ஒவ்வொன்றையும் இருமுறை சரிபார்த்திருப்பேன். இப்படிச் செய்தது ஓடாது என்று நம்பினேன். முதல் முயற்சியிலேயே ஓடியது.

“எவ்ளோ ஜல்தியா முடிச்சிட்டாரு பாருங்க” என்றாள் என் மனைவி.

அதன்பின் யாரும் மேஜைக்கு வரவில்லை. வந்தாலும், “சார் மறுபடி எப்போ வருவாருண்ணா?” என்று கேட்கத்தான். இத்தனை நாள் அவர்களுக்காக உட்கார்ந்திருந்த நான் அண்ணா. ஒருமுறை வந்து போனவர் சார்.

பிறகு அமாவாசை வந்தது. அன்று ஊரில் தறி ஓடாது. மற்ற நாட்களில் வேலைக்கு நடுவே ஒவ்வொருவராக வரும் நெசவுக்கார இளைஞர்கள், அன்று தலைமுழுகிவிட்டுக் கும்பலாக வந்து எல்லா கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்தார்கள். முதலில் தட்டிய சிலர் உள்ளே போனார்கள். மற்றவர்களுக்குக் கதவு திறக்கவில்லை.

“இன்னாணா, உள்ளயே வுட மாட்டுது!”

“ஒரே பேஜாரா கீது. வாடா, எதிர்த் தெரு சென்டருக்குப் போலாம்.”

எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்றிருந்தது. சாரைக் கேளுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் அதே நேரம் சேத்துப்பட்டிலிருந்து ஒருவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்தது என் திரையில் தெரிந்தது. அப்படியென்றால் பூட்டு எங்களுக்கு மட்டும்தான். சென்டரின் எல்லா கம்ப்யூட்டரும் ஒரே பிராட்பேண்ட் இணைப்பில் வெளியே போகின்றன. ஏபிஐக்கு நாங்கள் எல்லோரும் ஒரே முகவரி, ஒரே திருடன். கண்டுபிடித்தது நான் என்ற பெருமிதத்தோடு சகலைக்குப் போன் போட்டேன்.

“வேலை நாள்தானே, எப்படி ஒரே நேரத்துல அவ்ளோ பேரு?” என்றார்.

“அமாவாசை. தறிக்கு லீவு.”

“அமாவாசைக்கு லீவா!” என்று வாய்விட்டுச் சிரித்தவர், எங்கள் முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். அடுத்த நிமிடம் கம்ப்யூட்டர்கள் எல்லாம் வாள் சத்தம் எழுப்பின.

“சார்னா சார்தான்டா! மெட்ராஸ்ல உக்காந்துகினே சரி பண்ணிட்டாரு பாரு!”

என் காதில் சகலை சொல்லிக்கொண்டிருந்தார்: “நான் ஒரு வாரம் தேடியிருந்தாலும் இத கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். நீங்கதாண்ணே என்ஜினியர்.”

“சரியா கேக்கலையே, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க” என்றேன். அவர் சத்தமாகவே சொன்னார். யாரும் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்தவனின் காதில் ரிசீவரை வைத்து, “சார் என்னவோ சொல்றாரு, கேளு” என்றேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “ரொம்ப தேங்க்ஸ் சார்!” என்று கத்திவிட்டு, அவன் ரிசீவரை என்னிடம் நீட்டினான். இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.