ஐந்தாவது வரி

"உங்க ஊரு ஆளுங்க ஹெல்ப் பக்கத்தைப் படிக்கவே மாட்டாங்களா மேடம்?"னு மேனேஜர் போன்ல கேட்டப்ப எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறிருச்சு. எங்க அண்ணன் கரையேறி ஒரு மணி நேரம்கூட ஆகல. "படிச்சதுதான் சார் வினை! ஒரு வரி விடாமப் படிச்சிருக்கான்!"னு கத்திட்டு வச்சுட்டேன். வேலை போனாப் போகட்டும்.

நான் பாம்பன்ல வீட்டுல இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒண்ணுக்கு வேலை பாக்குறேன். அவங்க செய்யிற செயலியை எப்படிப் பயன்படுத்தணும்னு சனங்களுக்குப் புரியிற மாதிரி எழுதிக் குடுக்கணும். படகுக்காரங்களுக்குன்னு ஒரு செயலி செஞ்சாங்க. கரையில இருக்கும்போதே வரைபடத்தைப் போன்ல இறக்கி வச்சுக்கிட்டா, டவர் இல்லாத நடுக்கடல்லயும் படகு எங்கன நிக்குது, எல்லைக்கோடு எவ்வளவு தூரம்னு காட்டும். நல்ல சாமான்தான். அதைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

அதுக்கு உதவிப் பக்கம் எழுத ஒரே வாரம் குடுத்தாங்க. "ஏஐ இருக்குல்ல மேடம், போட்டு எடுத்துருங்க." போட்டேன். படிப்பில்லாதவங்களுக்கும் புரியிற மாதிரி எளிமையா, அன்பா எழுதுன்னேன். அடேயப்பா, என்னமா எழுதுச்சு! பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி, "கவலைப்படாதீங்க, இதைச் செஞ்சு பாருங்க"ன்னு. நான் ஒரு பக்கத்துக்கு அரை நாள் முக்குவேன், அது காபி ஆறுறதுக்குள்ள முடிச்சுருச்சு. ஃபேனுக்குக் கீழ உக்காந்து வீட்டு வைஃபையில ஒவ்வொண்ணாச் செஞ்சு பாத்தேன். எல்லாம் வேலை செஞ்சுச்சு, அனுப்பிட்டேன். பெருமை வேற, வெக்கங்கெட்ட பெருமை.

தங்கச்சி எழுதுனதுன்னு அண்ணன் கரையெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். கல்யாணப் பத்திரிகையைக்கூட முழுசாப் படிக்காதவன், 'செயலி நின்றுவிட்டால்'ங்குற பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, பாலித்தீன் கவர்ல போட்டுப் படகுல கட்டி வச்சுக்கிட்டான்.

அன்னைக்கு மார்கழிப் பனி. காலையில ஒம்பது மணிக்கு வரவேண்டிய அண்ணன் படகு பன்னெண்டாகியும் வரல. அண்ணி கரையில நின்னு போன் போட்டுக்கிட்டே இருந்தாங்க. எங்க ஊருல படகு வரலன்னா கடலை நெனச்சு மட்டும் பயப்படுறதில்ல, எல்லைக்கோட்டை நெனச்சும்தான். தாண்டிட்டாப் பிடிச்சு அந்தப் பக்கம் ஜெயில்ல போட்டுருவாங்க. படகு போச்சு, ஆளு எப்ப வருவான்னு யாருக்கும் தெரியாது. "சேசுவே, சேசுவே"ன்னு அண்ணி மணல்ல உக்காந்துட்டாங்க.

மூணு மணிக்கு வேறொரு படகு பின்னாடியே வந்து சேந்தான். நடந்தது இதுதான். பனிக்குள்ள செயலி அசையாம நின்னுருச்சு. காம்பஸ் இல்லையான்னு கேக்காதீங்க, அது கெட்டதுக்கப்புறம் போன் இருக்கேன்னு புதுசு வாங்கல. நம்மாளு கவரை அவுத்து ஒவ்வொரு வரியாச் செஞ்சிருக்கான். கடைசி வரி, அஞ்சாவது: "அப்போதும் சரியாகவில்லையா? செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள்."

நீக்கிட்டான். மறுபடி போட நடுக்கடல்ல டவருக்கு எங்க போவான்? இறக்கி வச்ச வரைபடமும் போச்சு, கோடும் போச்சு. கூட்டிட்டு வந்த படகுக்காரர் என்னைப் பாத்து, "எந்தப் பக்கம் போய்க்கிட்டிருந்தான்னு தெரியுமா? கெழக்க. நேரா கோட்டைப் பாத்து"ன்னாரு. அங்கன நின்னபடியே மேனேஜருக்குப் போன் போட்டேன்.

மேனேஜர்கிட்ட கத்துனது பத்தாதுன்னு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் தொறந்து அந்த ஏஐயைக் கண்டபடி வைஞ்சேன். உடனே பதில் வந்துச்சு: "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரிதான். கடலில் இணையம் கிடைக்காது என்பதால் இந்த வழி பொருந்தாது." தெரிஞ்சிருக்கு! அப்புறம் என்ன எழவுக்கு எழுதுனன்னு கேக்க வாயெடுத்து, நான் மொதல்ல என்ன சொன்னேன்னு மேல தள்ளிப் பாத்தேன். எளிமை இருக்கு. அன்பு இருக்கு. கடல்ங்குற வார்த்தையே இல்ல. டவர் கெடைக்காதுன்னு ஒரு எடத்துலயும் சொல்லல. கடக்கரையில பொறந்து வளந்த சிறுக்கி நான், போனை ஏரோப்பிளேன் மோடுல போட்டு ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா? வைஃபையில பாத்தேனாம். தூ!

சாயங்காலம் அண்ணன் வந்தான். கையில அந்தப் பாலித்தீன் கவர். வையட்டும், ரெண்டு அறை அறையட்டும்னு எழுந்து நின்னேன். தாளை எடுத்து மேசையில விரிச்சான். ஒவ்வொரு வரி பக்கத்துலயும் பால்பாயிண்ட் பேனாவால டிக் போட்டிருந்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அஞ்சாவதுல இல்ல.

"கோவிச்சுக்காத தாயி"ன்னான். "நாலையும் நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். கடைசி ஒண்ணுதான் எனக்குச் செய்யத் தெரியல."