குறைந்த எண்

மூன்றாவது மாடியிலிருந்து லேபுக்கு நான் தோளில் சுமந்துபோன நீலப் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நோயாளிகளின் ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்கள் இருக்கும். கொரோனா வார்டில் எனக்கு அதுதான் வேலை. மூக்கில் குச்சி விட்டு எடுப்பது கிருமி வந்திருக்கிறதா என்று பார்க்க. அது ரத்தத்திலும் இறங்கியிருந்தால் நோய் முற்றுகிறது என்று அர்த்தமாம். அதனால் சிலருக்கு மட்டும் ரத்தத்திலும் கிருமியை அளந்தார்கள். அந்தச் சிலரில் என் அண்ணனும் ஒருவர்.

அண்ணன் பரவை மார்க்கெட்டுக்குக் காய்கறி வண்டி ஓட்டியவர். எனக்கும் சேர்த்துப் பேசியவர். திருமங்கலத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். "பிடிக்காட்டி இந்நேரம் ஓடிருப்பான். ரெண்டாவது காபி குடிச்சுக்கிட்டு இருக்கான் பாருங்க" என்று அண்ணன்தான் சபையைச் சிரிக்க வைத்தார். இந்த வேலையைக் கேட்டு வாங்கித் தந்ததும் அவர்தான். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

ஆக்சிஜன் முகமூடியோடு படுத்திருந்தவர் என்னைக் கண்டதும் ஒன்றைத்தான் கேட்பார். "ரத்தத்துல எம்புட்டு இருக்காம்டா?" லேபிலிருந்து சீட்டு கொண்டுவருவதும் நான்தான். முதல் சீட்டில் முப்பத்தேழு என்றிருந்தது. இரண்டு நாள் கழித்து முப்பத்தொன்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கும் எண் தெரியும். காய்ச்சல் இறங்கினால் நல்லது, சர்க்கரை இறங்கினால் நல்லது, இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். சீட்டை டாக்டர் மேசையில் வைத்துவிட்டு அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, கொறஞ்சிருச்சுண்ணே! ஆறு கொறஞ்சிருச்சு!"

மேலும் என்னென்னவோ பேசினேன். அண்ணி விரதம் இருப்பதை, அவர் வண்டி மேல் பூனை குட்டி போட்டிருப்பதை. முகமூடியை விலக்கிக்கொண்டு சிரித்தார். "ஏன்டா, உனக்கு இம்புட்டுப் பேச்சு வருமா? இத்தன வருசமா என் தொண்டைதான்டா காஞ்சுச்சு!" பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்துவிட்டார். "இன்னும் பேசுடா" என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

லேபுக்குத் திரும்பியதும், அங்கே சோதனை செய்கிற பெண்ணிடமும் அதே சந்தோஷத்தில் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அது அப்படி இல்லண்ணே. மெஷின் கிருமியப் பெருக்கிப் பெருக்கித் தேடும். எத்தன தடவ பெருக்குனதும் தட்டுப்பட்டுச்சுங்கிறதுதான் அந்த எண். நெறைய இருந்தாச் சீக்கிரமே தட்டுப்பட்டுரும். எண் கொறஞ்சா, கிருமி கூடியிருக்குன்னு அர்த்தம்."

திரும்பி வந்து கட்டில் ஓரம் நின்றேன். "என்னடா, மறுபடி ஊமையாயிட்ட? சரி, ஒரு நாளைக்கு அம்புட்டுத்தான் போல. நாளைக்குப் பேசு" என்றார். எப்போதும் அப்படியே நிற்கிறவன் என்பதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை.

நாலாம் நாள் போய்விட்டார்.

இப்போதும் ரத்தம்தான் சுமக்கிறேன். யாராவது ஓடி வந்து, "அண்ணே, சீட்டுல எம்புட்டு போட்டிருக்கு?" என்று கேட்டால், "டாக்டரக் கேளுங்க" என்று நடந்துவிடுவேன். உண்மையைச் சொல்லாதது தப்பா என்று யோசித்து யோசித்து ஓய்ந்துவிட்டேன். இப்போது வருத்துவது அது இல்லை. நடுவில் மூன்று நாள் இருந்தது. வாயைத் திறந்தால் அந்த எண்ணின் அர்த்தம் வெளியே வந்துவிடும் என்று பயந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நின்றேன். பூனைக்குட்டிகள் கண் திறந்ததையாவது சொல்லியிருக்கலாம். அவர் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.