தொட்டிக்குப் போன பிரஷ்

எங்கள் வீட்டில் பழைய பல் பிரஷ்ஷைக் குப்பையில் போடும் வழக்கம் கிடையாது. அது தொட்டிக்குப் போகும். கூடத்தில் டிவி இருக்கவேண்டிய இடத்தில் என் மனைவி கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்து, அதில் மீனும் பவளமும் வளர்த்தாள். பாறையில் பாசி கண்டால் தேய்க்க அந்தப் பிரஷ். அதுவும் அவளுடையது மட்டும்தான். என் பிரஷ் முரட்டு ரகம், பவளத்தின் சதையைக் கிழித்துவிடும். "கப்பல் சுரண்டுற பிரஷ்ஷ என் தொட்டிப் பக்கம் கொண்டு வராதீங்க" என்பாள்.

துவாஸில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கப்பலின் அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டவைப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. நான் சுரண்டிச் சம்பளம் வாங்குகிறேன், நீ சம்பளத்தைக் கொட்டிச் சுரண்டுகிறாய் என்று அவளைச் சீண்டுவேன். அவள் சட்டை செய்யமாட்டாள். தொட்டியின் நடுவில் ஹேமர் என்று ஒரு பவளம் இருந்தது. நுனிகள் குட்டிச் சுத்தியல் போல இருப்பதால் அந்தப் பெயர். விரல் நீளத் துண்டாக அவள் முதன்முதலில் வாங்கிவந்தது அதுதான். பிறகு காம்பு காம்பாகக் கிளைத்து ஒரு புதர் அளவுக்கு வந்துவிட்டது. விருந்தாளி வந்தால் எங்கள் மகளின் பட்டமளிப்புப் படத்தைக் காட்டுவதற்கு முன் ஹேமரைத்தான் காட்டுவாள்.

ஒருநாள் காலையில் பாலிகிளினிக் கவுண்டர் வேலைக்குக் கிளம்பியவள் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தாள். எனக்குப் போன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் மரத்திருக்குமே, அப்படி இருந்தேன், முழு ஆளும். காப்பி கொடுத்தால் குடித்தேன், கையெழுத்துக் கேட்டால் போட்டேன்.

கருமாதி வரைக்கும் வீடு நிறைய ஆட்கள். என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாதவர்கள் நேரே தொட்டிப் பக்கம் போய் மீனுக்கு ஒரு சிட்டிகை தீனி போட்டார்கள். பாவம், வாயில்லா ஜீவன், யார் போட்டிருப்பார்கள் என்று ஆளுக்கொரு சிட்டிகை. காக்கைக்குச் சோறு வைத்தால் அபராதம் கட்டவேண்டிய ஊர் இது. அந்த ஆசையெல்லாம் மீனிடம் தீர்ந்தது. துக்க வீட்டில் வேளை தவறாமல் சாப்பிட்டவை அந்த மீன்கள்தான்.

தொட்டிக்குப் பக்கத்தில்தான் அவள் படத்தை வைத்து விளக்கேற்றியிருந்தோம். சாயங்காலம் தொட்டி விளக்கு தானாக அணைந்ததைப் பார்த்து என் அக்கா பதறிப்போனார். படத்துக்குப் பக்கத்தில் இருட்டு விழக்கூடாது என்று டைமரைப் பிடுங்கிவிட்டு விளக்கை நேராகப் பிளக்கில் செருகினார். அன்றிலிருந்து அந்த நீல வெளிச்சம் இரவும் பகலும் எரிந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகும் விளக்கு எரிந்தது, நானும் தீனி போட்டேன். பாறைகள் பச்சையாயின. எனக்கு அது பச்சையாகத் தெரியவே இல்லை. உட்லண்ட்ஸிலிருந்து மகள் வந்தபோதுதான் தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நின்றாள். கண்ணாடியில் பச்சைப் படலம், மணலில் சிவப்பு ஜவ்வு, பாறையெங்கும் தலைமுடி நீளத்துக்குப் பாசி. ஹேமரின் காம்புகளுக்குள்ளும் அது புகுந்துவிட்டது. நுனிகள் சுருங்கி உள்ளே போயிருந்தன.

"அப்பா, உங்களால பார்த்துக்க முடியாது லா," என்றாள். "எல்லாத்தையும் கடைக்கே குடுத்துடலாம்."

பிறகு அவளே கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, அம்மாவோட ஹேமர் இருக்குற வரைக்கும் இருக்கட்டும். அது செத்துட்டா குடுத்துடணும். ஓகேயா?"

ஓகே என்றேன். போனில் தன் கணவரிடம் பேசும்போதும் அவள் இதையே சொல்வது கேட்டது. ஹேமர் பிழைத்தால் தொட்டி இருக்கும், இல்லையென்றால் கூடத்தில் டிவி வரும்.

மறுநாள் பாசியில் ஒரு பிடி பிடுங்கி, கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு, காப்பி பொங்குஸ், அதாவது பார்சல், வாங்கிய பழைய பிளாஸ்டிக் பையில் ஊற்றிக்கட்டினேன். கேலாங் பக்கம் அவள் வழக்கமாகப் போகும் மீன்கடைக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். பச்சைத் தண்ணீர் ஆடும் பையைப் பக்கத்து இருக்கைப் பெண்மணி இறங்கும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

கடைக்காரர் வயதான சீனர், அவளோடு ஓரிரு முறை வந்த என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். பையை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் கொட்டி, பாசியை விரலால் நீவிப் பார்த்தார். இறகு போலக் கிளை விட்டிருந்தால் அது வேறு ஜாதி, லேசில் போகாது, இது வெறும் நார்தான் என்றார். மணலில் இருக்கும் சிவப்பு ஜவ்வு பாசியே இல்லை, ஒரு வகைக் கிருமியாம், தண்ணீர் ஓடாத மூலையில் படியும், குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், அதிகச் சாப்பாடு, அதிக வெளிச்சம். கப்பலிலும் வெயில் படும் நீர்மட்டத்தில்தான் பாசி செழிக்கும். காலமெல்லாம் அதைப் பார்த்த எனக்கு வீட்டில் உறைக்கவில்லை.

இதெல்லாம் உங்கள் மனைவிக்குத் தெரியுமே, ஏன் இப்படி விட்டுவிட்டார் என்று கேட்டார் கடைக்காரர். சோம்பேறி ஆகிவிட்டாரா, நான் திட்டியதாகச் சொல்லுங்கள் என்று சிரித்தார்.

சொல்கிறேன் என்றேன். பாசி தின்னும் நத்தைகளையும், தண்ணீரில் கரைந்த தீனிச் சத்தைப் பிடித்துவைக்கும் துருநிறக் குருணையையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். சுள்ளென்று கோபம் வந்தது. அவர்மேல் இல்லை, அவள்மேல். தொட்டியை இந்தக் கதியில் விட்டுவிட்டு எப்படிப் போகலாம்? பஸ் வருவதற்குள் அந்தக் கோபமும் அடங்கிவிட்டது.

டைமரைத் தேடி மறுபடி மாட்டினேன். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினேன். மீன்கள் கண்ணாடியில் வந்து முட்டிக் கேட்டன. கேட்டுக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டேன். உப்புத் தண்ணீர் கலக்கி வாரம் ஒருமுறை மாற்றினேன். நத்தைகள் ராத்திரியும் பகலும் மேய்ந்தன. சிவப்பு ஜவ்வு உறிஞ்சியதோடு போயிற்று, பாறைகளும் மெல்ல வெளுத்தன. ஹேமரின் காம்புகளுக்குள் சிக்கிய நார் மட்டும் போகவில்லை. என் விரல் அங்கே நுழையாது. நத்தையும் நுழையாது.

ஒருநாள் ஹேமரின் ஓரத்துக் காம்பு ஒன்றின் தலை, சதை போய் வெறும் எலும்பாகத் தெரிந்தது. இனித் தள்ளிப்போட முடியாது. வாளியை வைத்து, பிய்கிற நார் வேறு இடத்தில் போய் முளைக்காமல் அங்கேயே உறிஞ்சப்பட வேண்டுமென்று குழாயை இடது கையில் பிடித்துக்கொண்டு, தொட்டிக்குக் கீழே இருந்த பழைய பிரஷ்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் இழை விரிந்து தேய்ந்தவை. இடுக்கில் எதுவும் போகவில்லை. குழாயைத் தூக்கி வாளியில் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனேன்.

குவளையில் இரண்டு பிரஷ் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது அவள் போன அன்று காலையில் பல் தேய்த்தது. கடையில் புதிதாக ஒன்று வாங்கலாம். ஆனால் புதுப் பிரஷ் குத்தும், கொஞ்ச நாள் பல் தேய்த்து மிருதுவானால்தான் பவளம் தாங்கும் என்பது அவள் சட்டம். அவளுடையது சரியான பதத்தில் இருந்தது.

இன்னொரு சட்டமும் உண்டு. தொட்டிக்குள் போகும் முன் பிரஷ்ஷைச் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும், பேஸ்ட் வாசனை துளியும் இருக்கக்கூடாது. கழுவிவிட்டு மூக்கருகே கொண்டுபோனேன். லவங்க வாசனை அடித்தது. காலையில் அவள் என்னைத் தாண்டிப் போகும்போது வருகிற வாசனை. மறுபடி கழுவினேன். இன்னும் இருந்தது. அதை அப்படியே குவளையில் வைத்துவிடலாமா என்று நின்றேன். பிறகு தண்ணீரைச் சூடாக்கிவந்து ஊற்றி, பிரஷ்ஷின் இழைகளை விரலால் பிரித்துப் பிரித்துக் கழுவினேன். அடுத்த முறை முகர்ந்தபோது ஒன்றும் இல்லை. தொட்டிக்குப் போய்க் காம்பு காம்பாகத் தேய்த்தேன். பச்சை நார் பிரிந்து குழாய்க்குள் போனது.

ஹேமரில் ஓரத்துத் தலைகள் சில போயின. நடுவில் இருந்தவை சில வாரத்தில் நுனியை வெளியே நீட்டின. மகள் வந்து பார்த்தாள். தொட்டியைக் கொடுக்கும் பேச்சை எடுக்கவில்லை. முகம் கழுவக் குளியலறைக்குப் போனவள் உடனே திரும்பி வந்தாள்.

"அப்பா, அம்மா பிரஷ் எங்க?"

"தொட்டிக்குப் போயாச்சு."

அவளுக்குத் தெரியாத வழக்கம் இல்லை. தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கேட்காமலேயே தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்து பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியதும் முதல் காரியமாக அதை மூக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் முகர்ந்தாள். உப்பு வாசனை மட்டும்தான் வரும் என்று எனக்குத் தெரியும்.