குருவி விரட்டிய இறுவட்டு

மேசை லாச்சியை ஒழுங்குபடுத்தும்போது அந்த இறுவட்டு, பழைய சீடி, கையில் அகப்பட்டது. நடுத்துளையைச் சுற்றி நைலோன் நூல் உரசிய கீறல்கள். மேலே ‘லினக்ஸ் - தமிழ்’ என்று நானாவின் கோணல் கையெழுத்து. தனியாக இருந்து சிரித்துவிட்டேன்.

அலுவிகாரையில் நான் தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுத்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான், முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லோரும் ‘நானா’ என்று அழைத்தவரின் கொமியுனிகேஷன் கடை. யுத்தம் மும்முரமாக நடந்த காலம். அவருக்கோ வேறொரு போராட்டம்: எவரும் இலவசமாகப் பயன்படுத்தி, பிரதியெடுத்துப் பிறருக்கும் கொடுக்கக்கூடிய லினக்ஸ் மென்பொருளை ஊரெல்லாம் பரப்புவது. போன் பேச வந்தவர், போட்டோ கொப்பி எடுக்க வந்தவர் என்று கண்ணில் பட்டவர் கையிலெல்லாம் இறுவட்டைத் திணிப்பார். “உங்களுக்குன்னு ஒன்ன வெச்சுக்கங்க நானா” என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவேயில்லை.

ஒருநாள் எங்கள் ஆறு கணினிகளும் வைரஸில் படுத்துவிட்டன. கள்ளப் பிரதிகளை வைத்து ஓட்டியதன் பலன். திங்கட்கிழமை அதிகாரி பார்வையிட வருகிறார். கணினி ஓடாவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள். நானாவிடம் ஓடினேன். அவர் தலையைச் சொறிந்தார். “மூலச் சீடியையும் குடுத்திட்டேனே, டீச்சர்.” அப்போதைய இணைய வேகத்தில் இறக்குவதென்றால் வாரக்கணக்காகும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவேயில்லை.

பல்லேபொலவில் ஒருவருக்குக் கொடுத்தது அவருக்கு நினைவு வர, முச்சக்கர வண்டி பிடித்துப் போனோம். வயலுக்கு நடுவே, குருவி விரட்டக் கட்டிய கயிற்றில், நானா அள்ளிக்கொடுத்த மென்பொருள் வெயிலில் பளபளவென்று ஆடிக்கொண்டிருந்தது! நானாவின் முகம் செத்துப்போயிற்று. வயல்காரரோ சிங்களத்தில் வாய்நிறைய நன்றி சொன்னார்: அது வந்தபிறகு குருவித் தொல்லையே இல்லையாம். வண்டிக்காரரின் பாட்டு இறுவட்டு இரண்டைப் பதிலுக்குக் கட்டிய பிறகுதான் அதை அவிழ்க்க விட்டார்.

சவர்க்காரம் போட்டுக் கழுவி, இடுப்புச் சாரத்தில் துடைத்து, பிஸ்மி சொல்லி உள்ளே தள்ளினார் நானா. முதல் கணினி ஏற்கவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது முனகி முனகிப் படித்தது. அதன் சீடி டிரைவையே கழற்றிக் கழற்றி மற்றவற்றிலும் பூட்டினோம். “டீச்சர், எல்லாம் தமிழ்லயே வருதுங்க! இனி ஒவ்வொன்னுக்கும் ஒங்களக் கேக்கத் தேவையில்லீங்க” என்று ஒரு பிள்ளை கத்தினாள். நானா கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது. திங்களன்று அதிகாரி ஆறையும் தட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். வகுப்பு தப்பியது.

இன்று அதைப் படிக்க என் கணினியில் சீடி டிரைவே இல்லை. எறியவும் மனம் வரவில்லை. முற்றத்துக் கொய்யா மரத்தில் கட்டி, படம் எடுத்து நானாவுக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது.

“டீச்சர், கொப்பி ஒன்டு எடுத்து வெச்சிட்டுத்தானே கட்டினீங்க?”